என் மகள்மீது வந்த முதல் புகார்

சனிக்கிழமை காலை. எனக்குக் கம்பெனி விடுமுறை. வாசலில் குடங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றாள். என் மகளோடு ஐந்தாம் வகுப்பில் படிக்கிறவள். மூக்கு விடைத்திருந்தது. இன்னொரு கையில் கிழிந்த ரிப்பன் ஒன்று தொங்கியது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"அத்த, ஒங்க பிள்ள கள்ளாட்டம் ஆடுதா."

"யாரு?"

"ஒங்க பிள்ளதான். வேற யாரு?"

"எங்க பிள்ளையா? நெசமாவா சொல்லுத?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? நேத்து மத்தியானம் பூரா ஒருத்தரையும் பிடிக்க விடல அத்த. நான் ஓடினா என் பாவாடையப் பிடிச்சுத் தொங்குதா. சடையப் பிடிச்சு இழுக்கா. இந்தா பாருங்க, ரிப்பனப் பிச்சிட்டா. கேட்டா ஈன்னு சிரிக்கா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடம் ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. போனால் போகட்டும். உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! நம்ம பிள்ள மேல புகார் வந்திருக்கு!"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு என் கணவர் ஓடி வந்தார். "என்ன, என்னாச்சு?"

"கள்ளாட்டம் ஆடுதாளாம்! சடையப் பிடிச்சு இழுத்தாளாம்! ரிப்பனப் பிச்சிட்டாளாம்!"

அவர் என்னைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அப்படியே படியில் உட்கார்ந்து, நுரையோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல சேதி கொண்டு வருகிறவர்களிடம், உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று சொல்லுவோமே, அதைச் சொல்லோடு விட எனக்கு மனம் வரவில்லை. அடுக்களைக்குள் ஓடி ஒரு கரண்டி அள்ளி வந்து அவள் வாயில் போட்டேவிட்டேன்.

"எதுக்கு அத்த சீனி?" என்றாள் அவள், மிரண்டுபோய். நியாயம் கேட்க வந்த இடத்தில் இப்படி ஒரு குடும்பத்தை அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைக்காதீர்கள். பதினோரு வருஷமாக நான் காத்திருந்த புகார் அது.

என் மகள் பிறந்தபோது டவுன் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். இவளுக்கு எல்லாம் வரும், மெதுவாக வரும் என்றார். அவர் சொன்னது சரிதான். நடை மெதுவாக வந்தது. பேச்சு அதைவிட மெதுவாக வந்தது. எழுத்து இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் தாமதம் இல்லாமல் பிறந்த அன்றைக்கே வந்து சேர்ந்தது. 'பாவம்' என்கிற சொல்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் தொல்லையே. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம். தெருமுனைக் காய்கறிக் கடை அண்ணாச்சியின் கூடையிலிருந்து இவள் கேட்காமல் கொய்யாப்பழம் எடுப்பாள். நான் அதட்டினால் அவர், "விடுங்கம்மா, பாவம், தின்னுட்டுப் போட்டும்" என்பார். ஒரு தடவை எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தாள். அந்த வீட்டம்மா வெளியே வந்து, இவளைக் கண்டதும் முகம் இளகி, "பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றாள். எனக்கா தெரியாது? நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒரு கண்ணைச் சுருக்கி, நன்றாகக் குறிபார்த்துத்தான் எறிந்தாள். முந்தின நாள் அந்த வீட்டு நாய் இவளைப் பார்த்துக் குரைத்திருந்தது. காரணமும் இருந்தது, குறியும் இருந்தது, கண்ணாடியும் உடைந்தது. திட்டு மட்டும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நானே உட்காரவைத்துத் திட்டினேன்.

பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில்தான் என் பிள்ளையும் படிக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கொக்கிரகுளத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே நடுநிலைப் பள்ளி. ஆற்றுக்காற்று வரும். முன்னால் கருங்கல் படிகள், நடுவில் கொடிக்கம்பத்துக்கு ஒரு கல் மேடை, சுற்றிலும் மண் தரை. சேர்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். வகுப்பு டீச்சர் தங்கமானவர். இவள் மூக்கைத் துடைத்துவிடுவார், டப்பாவைத் திறந்துகொடுப்பார். நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

கொஞ்ச நாள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவள் நோட்டில் ஒரு பக்கம்கூடப் பாக்கியில்லாமல் நட்சத்திரம் இருந்தது. கூட்டல் சரியாக இருந்தாலும் நட்சத்திரம், தப்பாக இருந்தாலும் நட்சத்திரம். ஒரு பக்கத்தில் கணக்கே இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரி எதையோ கிறுக்கிவைத்திருந்தாள். அதற்கும் நட்சத்திரம், பக்கத்தில் 'வெரி குட்'. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நிற்கும்போது இவளும் எழுந்து நிற்பாளாம். "நீ உக்காரும்மா" என்பாராம் டீச்சர். இவள் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிப்பாளாம். நிற்கிற கூட்டத்தில் தானும் ஒருத்தி என்று நிற்க ஆசை. அதுகூடக் கிடைக்கவில்லை என் பிள்ளைக்கு.

விளையாட்டிலும் அதே கதைதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த வகுப்பு முழுவதும் கல்லா மண்ணா ஆடும். ஒருத்தர் பிடிக்கிறவர். மற்றவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து "கல்லா? மண்ணா?" என்று கத்துவார்கள். அவர் மண் என்றால் மண் தரை முழுவதும் அவருடையது, மற்றவர்கள் கல்லில் நின்றுகொள்ள வேண்டும். மண்ணில் இறங்கி வம்பிழுக்கிறவர்களைத் தொட்டுவிட்டால் அவுட். அவுட்டானவர் அடுத்துப் பிடிக்கிறவர். இவ்வளவுதான் ஆட்டம்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் கூடிப் பேசி, இவள் ஒப்புக்குச் சப்பாணி என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் எல்லாத் தெருவிலும் உள்ள ஏற்பாடுதான். சின்னப் பிள்ளை ஒன்று நானும் வருவேன் என்று அழுதால், சரி வா என்று சேர்த்துக்கொள்வார்கள். கூட ஓடலாம், கூடச் சிரிக்கலாம். ஆனால் தொட்டால் அவுட் கிடையாது, ஆட்டக் கணக்கில் பெயரும் கிடையாது. அழுகையை நிறுத்த அதைவிட நல்ல வழியை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. மற்ற பிள்ளைகள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு வளர்ந்து உள்ளே வந்துவிடும். என் மகள் ஒன்றாம் வகுப்பிலும் ஒப்புக்குச் சப்பாணி, ஐந்தாம் வகுப்பிலும் ஒப்புக்குச் சப்பாணி.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒருநாளாவது பிடிக்கிறவளாக வேண்டும். வீட்டில் பூனைக்கு முன்னால் நின்று அவளே "கல்லா? மண்ணா?" என்று கேட்டுக்கொள்வாள். அவளே "மண்ணு" என்று பதில் சொல்லிவிட்டு அதைத் துரத்துவாள். பூனை அலமாரிக்கு மேலே ஏறிவிடும். தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்கி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்பாள்.

"அம்மா, நான் எப்ப பிடிக்க?"

"நாளைக்கு" என்பேன். வேறு என்ன சொல்ல? அவுட்டானால்தான் பிடிக்க முடியும். அவளை அவுட்டாக்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லையே.

இப்போது ரிப்பன்காரிக்கு வருகிறேன். அவள் அந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்தவள். மாஞ்சோலைப் பிள்ளை. மலை மேலே தேயிலை எஸ்டேட் வேலை முடிந்துபோய் எல்லாரும் மலையை விட்டு இறங்கினார்கள் அல்லவா, அப்போது இறங்கி வந்த குடும்பம். எங்கள் பின் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். இங்கத்து வெயிலைத் திட்டிக்கொண்டே இருப்பாள். ஓட்டத்தில் அவளை அடிக்க அந்த வகுப்பில் ஆள் இல்லை.

அவள் வந்த பிறகுதான் என் மகளுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது. என்னை யாரும் அவுட்டாக்க முடியாது, அப்படியானால் நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்! அழகாக யோசித்திருக்கிறாள். மண்ணில் இறங்குவது, நேராகப் பிடிக்கிறவளிடம் போவது, பாவாடையைப் பிடித்துத் தொங்குவது. அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கல் படிகளுக்கும் கொடி மேடைக்கும் ஜாலியாகப் போய்வருவார்கள். மற்றவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருந்திருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. பிடிக்கிறவளாக மாட்டிக்கொண்ட மாஞ்சோலைப் பிள்ளைக்குத்தான் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மத்தியானம் முழுவதும் ஓடியும் ஒருத்தரையும் பிடிக்க முடியவில்லை.

சீனியை விழுங்கிவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அத்த, அவளையும் அவுட்டாக்கணும். இல்லன்னா நான் ஆட்டைக்கு வர மாட்டேன். கேட்டா அவ ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லுதாவ. அப்படின்னா என்னது?"

"ஏன், ஒங்க மலையில அப்படி யாரும் கெடையாதா?"

"அதெப்படி அத்த முடியும்? எங்க லயன் வீடுகள்ல இருந்ததே கொஞ்சம் பிள்ளைய. அதுலயும் அவளக் கழி, இவனக் கழின்னா யார வச்சு ஆடுதது? கைப்பிள்ளையத் தவிர எல்லாரும் ஆட்டைக்கு உண்டு. எல்லாரும் அவுட்டு ஆவாவ."

இந்தப் பேச்சு நடக்கும்போதே கதவு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. என் மகள் எழுந்து வந்திருக்கிறாள். ரிப்பனைப் பார்த்ததும் கண் மறைந்தது. கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். திருட்டு முழி! என் பிள்ளைக்குத் திருட்டு முழி! வெளியே இழுத்து வந்தேன்.

"நீ இவ ரிப்பனப் பிச்சியா?"

"இல்ல" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

பொய்யும் சொல்லுகிறாள்! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இருந்தாலும் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டேன். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

"பொய் சொல்லாதட்டி," என்றாள் மாஞ்சோலைப் பிள்ளை. "நீ கள்ளாட்டம் ஆடுத. திங்கக்கெழமையில இருந்து ஒன்னைய நான் தொட்டா நீயும் அவுட்டு. பொறவு நீதான் பிடிக்கணும்."

என் மகள் நிமிர்ந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் உள்ளே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புருவம் மெல்ல ஏறும், வாய் கொஞ்சம் திறக்கும்.

"நா... நான் பிடிக்கவா?"

"பின்ன? அவுட்டானா நீதான பிடிக்கணும்?"

என் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வந்தாள். தன் அலமாரிக்குப் போனாள். திருவிழாவுக்கு வாங்கிய சிவப்பு ரிப்பனை எடுத்துவந்து, அவள் கையில் கொடுத்தாள். நான் சொல்லித்தரவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு சொன்னேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டாள் என்று அவ்வளவு பெருமையாகச் சொன்ன தாயை அவர் பார்த்திருக்க மாட்டார்.

டீச்சர் பயந்துதான் போனார். "வேண்டாம்மா. ஓடும்போது விழுந்துட்டான்னா? அவுட்டுன்னு சொன்னா அழுதுருவாளே. பாவம்லா."

வந்துவிட்டது அந்தச் சொல். பொறுமையாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த பொறுமை அங்கேயே பறந்துவிட்டது.

"விழட்டும் டீச்சர். எல்லாப் பிள்ளையுந்தான் விழுது. அழட்டும். தோத்து அழுதா அதுல என்ன கேவலம்? இந்த நோட்டப் பாருங்க. இதுல எது சரி, எது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல. அவளுக்கும் தெரியல. எல்லாத்துக்கும் ஸ்டார். தப்புக்குத் தப்பு போடுங்க டீச்சர்."

"தப்பு போட்டா அது மனசு கஷ்டப்படும்லாம்மா."

"அதுக்கு மனசு ஒண்ணு இருக்குன்னு நெனச்சீங்கன்னா போடுங்க."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. டீச்சர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் சிவந்தது. கோபமா என்று பார்த்தேன், கோபம் இல்லை. "வாரத்துக்கு ஒருநாள் வர்ற ஸ்பெஷல் டீச்சரும் இதத்தான் சொன்னாவ," என்றார் மெதுவாக. "அவளுக்குத் தக்க கணக்கு குடுங்க, ஆனா அதத் திருத்துங்கன்னு. எனக்குத்தான் கை வரல." பிறகு எழுந்து, வகுப்பைப் பார்த்து, "ஏ பிள்ளைகளா, இவளையும் அவுட்டாக்கலாமான்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க," என்றார்.

அப்படி ஒரு வழக்கு மன்றம் கலெக்டர் ஆபீசில்கூட நடந்திருக்காது. ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். ஒருத்தன் சொன்னான், "டீச்சர், அவ பைய ஓடுதா. அவளப் பிடிச்சா அதெல்லாம் ஒரு பிடியா?" நியாயமான கேள்வி. இன்னொருத்தி சொன்னாள், "அவ பிடிக்கிறவளா வந்தா யாரையும் பிடிக்க மாட்டா. சாயங்காலம் வரைக்கும் அவளேதான் நிப்பா. ஆட்டையே படுத்துரும்." அதுவும் நியாயம்தான். நான் வந்து கெடுத்துவிட்டேனோ என்று பயம் வந்தது. என் மகள் முதல் பெஞ்சில் இரண்டு கையையும் மடியில் வைத்து, பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஞ்சோலைப் பிள்ளை எழுந்தாள். சடையில் புது ரிப்பன். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? எங்க மலையில பெரிய பிள்ளைய சின்னப் பிள்ளையப் பிடிக்கணும்னா நொண்டியடிச்சிதான் போணும். சின்னது பிடிக்க வந்தா பெருசு எல்லாம் நொண்டியடிச்சிதான் ஓடணும். அப்பதான் சமம். இங்கனயும் அப்படி வச்சிக்கிடுவோம். இவளப் பிடிக்கதுக்கு ஒத்தக் கால். இவ பிடிக்க வந்தா நம்ம எல்லாருக்கும் ஒத்தக் கால்."

வகுப்பு ஒரு நொடி யோசித்தது. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஏலே, செமயா இருக்கும்லே!" என்று கத்தினான். தீர்ப்பு ஆகிவிட்டது.

சாப்பாட்டு மணி அடித்தது. நான் சாப்பிடவில்லை. டீச்சரும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம்.

முதலில் பிடிக்கிறவள் மாஞ்சோலைப் பிள்ளைதான். "கல்லா? மண்ணா?" "மண்ணு!" எல்லாரும் படியில் ஏறிக்கொண்டார்கள். என் மகள் மட்டும் பழைய பழக்கத்தில் மெதுவாக மண்ணில் இறங்கினாள். கையை நீட்டிக்கொண்டு நேராகச் சடையைப் பார்த்துப் போனாள். மாஞ்சோலைப் பிள்ளை ஒரு காலைத் தூக்கினாள். தத்தித் தத்தி இவளைப் பார்த்து வந்தாள்.

என் மகள் நின்றாள். புருவம் ஏறியது. நினைவு வந்துவிட்டது. "ஆ!" என்று ஒரு கூச்சல் போட்டுத் திரும்பி ஓடினாள் பாருங்கள்! அப்படி ஒரு கூச்சலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. பயமும் சந்தோஷமும் கலந்த கூச்சல், எல்லாப் பிள்ளைகளும் போடுகிற கூச்சல். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த ஆட்டத்தில் அவள் நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன். பிடிபடுவோம் என்கிற பயமே இல்லாத பிள்ளை எதற்கு ஓடும்? இப்போது ஓடினாள். முழங்கால் இடிக்க, கை இரண்டும் காற்றில் அலைய, செருப்பு ஒன்று அறுந்து தெறிக்க ஓடினாள். படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் தப்பித்துவிட்டாள்! நான் டீச்சர் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன்.

அதோடு நின்றாளா? மறுபடி இறங்கினாள். மறுபடி ஓடி ஏறினாள். மூன்றாம் தடவை ருசி கண்ட பூனையாகக் கொஞ்சம் அதிக தூரம் போய்விட்டாள். மாஞ்சோலைப் பிள்ளை மற்றவர்களை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் குறுக்கே மறித்தாள். என் மகள் திரும்பினாள், தடுமாறினாள், மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதுகில் பட்டென்று ஒரு கை.

"அவுட்டு!"

பிள்ளைகள் எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்தார். என் மகளின் கீழுதடு பிதுங்கியது. எனக்குத் தெரிந்த உதடு அது, அடுத்தது அழுகைதான். ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. எப்படிப் போகாமல் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் கையை வளைத்து, அடிபட்ட முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"நான் அவுட்டு!"

கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடினாள். "நான் அவுட்டு! நான் அவுட்டு!" வேப்பமரத்தைச் சுற்றி ஓடினாள், எங்களைத் தாண்டிப்போகும்போது, "அம்மா, நான் அவுட்டு!" என்று எனக்கும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன். எந்தப் பிள்ளை தோற்றதற்காவது எந்தத் தாயாவது இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாளா?

கடைசியில் மாஞ்சோலைப் பிள்ளைதான் அவளை இழுத்துப் பிடித்து நிறுத்தினாள். "ஏட்டி, போதும். ஓடிக்கிட்டே இருந்தா எப்படி? நீ பிடிக்கணும்லா. அங்கன நில்லு."

நடுவில் நிறுத்திவிட்டுப் படிக்கு ஓடினாள். அந்த வகுப்பு முழுவதும் வரிசையாகக் கல்லில் நின்றது. எல்லாரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"கல்லா? மண்ணா?"

பூனையிடம் அத்தனை தடவை பதில் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வார்த்தை அவளுக்கு எப்போதும் அடியிலிருந்துதான் ஏறிவர வேண்டும். ஒற்றைக் காலில் நின்ற பிள்ளைகள் ஆடினார்கள், ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் காலை ஊன்றப் போனான். "ஊனாதலே!" என்று பக்கத்தில் இருந்தவள் அதட்டினாள். யாரும் என் மகளுக்குப் பதில் எடுத்துக்கொடுக்கவில்லை. யாரும் 'சரி விடு' என்று சொல்லவில்லை. காத்துக்கொண்டு நின்றார்கள்.

"மண்ணு" என்றாள் என் மகள்.

ஹோவென்று ஒரு சத்தம். வகுப்பு முழுவதும் நொண்டியடித்துக்கொண்டு மண்ணில் குதித்தது. தத்துகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக் கத்துகிறார்கள். நடுவில் என் மகள் இரண்டு காலில் ராணி மாதிரி துரத்துகிறாள். ஒருத்தனைத் தொடப் போனால் அவன் தத்தித் தப்பிக்கிறான், அவனை விட்டு இவனிடம் போனால் இவன் படியேறிவிடுகிறான். ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை, அதையும் நான் கவனித்தேன். மாஞ்சோலைப் பிள்ளை நூலிழையில் தப்பித்து நாக்கைத் துருத்தினாள். இவள் கோபத்தில் மண்ணை உதைத்தாள்.

ஒருத்தரையும் பிடிக்கும் முன்னே மணி அடித்துவிட்டது. என் மகள் பாதி ஓட்டத்தில் நின்றாள். முகம் விழுந்துவிட்டது.

"என்னத்துக்கு மூஞ்சியத் தூக்குத?" என்றாள் மாஞ்சோலைப் பிள்ளை, இரண்டு காலையும் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே. "நாளைக்கும் நீதான் பிடிக்கணும். ஆட்டை அப்படியே நிக்கி."

மத்தியான வகுப்பில் டீச்சர் அவளுக்குச் சின்னக் கணக்குகள் கொடுத்திருக்கிறார். ஏழும் ஐந்தும் பதிமூன்று என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையால் தப்பு போட்டார். பெரிய தப்பு, பக்கத்தின் பாதிக்கு இருந்தது. பல நாள் சேர்ந்திருந்ததோ என்னவோ. சோடா மூடிகளைக் கொடுத்து மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வந்ததும்தான் நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை மட்டும் அவள் சாயங்காலம் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சேதி சொல்லிக்கொண்டே வந்தாள். பூக்காரியிடம் "நான் அவுட்டு." ஆட்டோ ஸ்டாண்டில் "நான் அவுட்டு." எதிர்வீட்டு நாயிடம்கூடச் சொன்னாள். நான் அவள் பையையும் அறுந்த செருப்பையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தெருமுனைக் கடையில் அண்ணாச்சி வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டிருந்தார். "என்ன தாயி, இன்னைக்கு ஒரே சிரிப்பா இருக்கு?"

"அண்ணாச்சி, நான் அவுட்டு."

அவருடைய முகம் இளகியது. கை கொய்யாக் கூடைக்குப் போனது. "அடடா, அவுட்டாக்கிட்டாவளா? பாவம்..."

என் மகள் இடுப்பில் கை வைத்தாள். எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். மூக்கு விடைத்தது. வார்த்தை அடியிலிருந்து ஏறிவரும்வரை நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணாச்சியும் தராசைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"பாவம் இல்ல, அண்ணாச்சி. நாளைக்கு நாந்தான் பிடிக்கேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எடுத்த கொய்யாவைத் திரும்பக் கூடையில் வைப்பதா கொடுப்பதா என்று தெரியாமல் அவர் கையில் வைத்தபடி இருந்தார். என் மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு கடி கடித்து, வீட்டைப் பார்த்து நடந்தாள்.